கல்யாணத் தரகரின் தாடை

போன மாதம், தெரிந்தவர் ஒருவரைப் பார்க்க நான் வேலை பார்த்த பழைய வார்டுக்குப் போயிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஓர் ஆள். தாடையில் கட்டியை எடுத்து எலும்பு வைத்து மூன்று நாள்தான் ஆகியிருக்கிறது. அந்த மனுஷன் தலையணையில் சாய்ந்துகொண்டு செல்போனில் யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான். உள்ளே டைட்டானியம் தகடு வைத்து முடுக்கியிருக்கிறார்களாம், வாயைக் கட்டவே இல்லையாம். எனக்கு வந்ததே ஆத்திரம்! அப்படி ஓர் எலும்பைக் காப்பாற்ற நாங்கள் எட்டு வாரம், ஒன்பது வாரம் நோயாளியின் வாயைக் கம்பியால் கட்டி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருந்தோம். இவன் என்னடாவென்றால் மூன்றாம் நாளே சண்டைக்கு நிற்கிறான்.

டூட்டியில் இருந்த சின்னப் பிள்ளைகள், எல்லாம் நேற்று நர்ஸ் ஆனவர்கள், என்னைச் சுற்றிக்கொண்டார்கள். எட்டு வாரம் ஒரு மனுஷனால் பேசாமல் இருக்க முடியுமா, அப்படி யாராவது இருந்தார்களா என்று கேட்டார்கள். நம்பிராஜன் அண்ணாச்சி கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு எழுதித் தாருங்கள் என்றார்கள். எழுதுவதில் ஒரு சௌகரியம் உண்டு, குறுக்கே பேசித் திருத்த ஆள் கிடையாது. என் வீட்டுக்காரர் வாத்தியார், இதைப் படித்த பிறகு திருத்தட்டும்.

நான் நர்ஸ் படித்ததும், முதல் நாலு வருஷம் பிரசவ வார்டில் ஓடியதும் எல்லா நர்ஸுக்கும் நடந்ததுதான், அதில் புதுசு ஒன்றுமில்லை. தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் என்னைத் தாடை ஆபரேஷன் வார்டுக்கு மாற்றினார்கள். சத்தம் போடுகிறவள் என்று பிரசவ வார்டில் புகார். பேச முடியாத நோயாளிகள் இருக்கிற இடத்துக்குப் போனால் சரியாகிவிடுவாள் என்று மேட்ரன் நினைத்தாரோ என்னவோ. ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். திருநெல்வேலியில்தான், ஆற்றுக்கு இந்தப் பக்கம்.

அங்கே டாக்டர் ஞானதுரை. பாளையங்கோட்டையில் மூன்று தலைமுறையாக வாத்தியார் குடும்பம். ஒல்லி, உயரம், சத்தமே வராது. அவர் திட்டி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடும், அவ்வளவுதான். மற்ற நாளில் "கோமதி, அந்தக் கத்தரிய எடும்மா" என்பார். "கோமதி அவர்களே, அந்தக் கத்தரியைத் தயவுசெய்து தருகிறீர்களா" என்றால், ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிற எல்லாரும் அவரவர் வேலையில் குனிந்துகொள்வோம். வாய்ப் பேச்சும் சிக்கனம். நோயாளியின் தாடை ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க இரண்டு கட்டை விரலையும் இணைப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, பைய அசைத்துப் பார்ப்பார். பார்த்து முடித்ததும் ஒன்றும் சொல்ல மாட்டார். "டீ சொல்லு" என்றால் எலும்பு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். பேசாமல் போய் இரண்டாம் தடவை கை கழுவினால் சேரவில்லை. நோயாளியின் சொந்தக்காரர்களுக்கு இது தெரியாது. டீ கேட்கிற டாக்டரைப் பார்த்து, நம் ஆள் கதி என்னவென்று சொல்லாமல் டீ குடிக்கப் போகிறாரே என்று அழுத அம்மாக்களை நானே தேற்றியிருக்கிறேன்.

தியேட்டரில் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. தாடையில் வெட்டி எடுத்த இடத்தில் வைப்பதற்காக, இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்து உளியும் சுத்தியலும் வைத்து ஒரு துண்டை எடுப்பார். எடுத்ததும் அதை ஈரத் துணியில் சுற்றி ஒரு கிண்ணத்தில் வைக்க வேண்டும். அந்தக் கிண்ணத்தைப் பிடிக்க ஒரு நர்ஸ். அவளுக்கு வேறு வேலை கிடையாது. பேசக் கூடாது, எதையும் எட்டி எடுக்கக் கூடாது, கிண்ணத்தைக் கீழே வைக்கவே கூடாது. எனக்கு முன்னால் இருந்த ஒருத்தி, மூக்கு அரிக்கிறது என்று கிண்ணத்தைத் தட்டில் வைத்தாளாம். தட்டைச் சுத்தம் செய்ய வந்த ஆயா அதை அழுக்குத் துணியோடு அள்ளிக்கொண்டு போய்விட்டாளாம். எலும்பு குப்பைத் தொட்டிக்குப் போகிற வழியில், வராந்தாவில் மடக்கிப் பிடித்தார்கள். அதிலிருந்து அந்தச் சட்டம். வார்டுக்குப் போன முதல் ஆறு மாதம் நான் கிண்ணம்தான் பிடித்தேன். மூக்கு அரிக்காமல் இருந்ததே இல்லை.

இனி நம்பிராஜன் அண்ணாச்சி.

நாங்குநேரிக்காரர், வயது ஐம்பத்தைந்து இருக்கும். தொழில் கல்யாணத் தரகு. நாங்குநேரியிலிருந்து சேரன்மகாதேவி வரைக்கும் அவர் முடித்துவைத்த கல்யாணங்கள் ஊருக்கு ஊர் உண்டு. வாய்தான் அவருக்கு முதல். மாப்பிள்ளை குட்டையாக இருந்தால், "உக்காந்திருக்கையில பாக்கணும், என்ன லட்சணம்" என்பார். வேலை இல்லாதவனாக இருந்தால், "ஒருத்தன்கிட்டக் கைகட்டி நிக்கப்பட்ட கொணம் இல்ல" என்பார். பெண்ணுக்கு வயது எவ்வளவு ஆனாலும் அவர் வாயில் இருபத்துமூன்றுதான். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் முடி என்பார்கள், அதை அவர் ஒரு கல்யாணத்துக்கு ஆயிரம் என்று எடுத்துக்கொண்டவர்.

அவருக்கு இடது பக்கக் கீழ்த்தாடைக்குள் ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை. ஆனால் எலும்பை உள்ளிருந்தே தின்று தாடையை முட்டை ஓடு மாதிரி ஆக்கிவிடுகிற ஜாதி. அதைச் சுரண்டி எடுத்தால் மறுபடி வரும் என்பதால், பல்லோடு சேர்த்து நாலு விரல்கடை தாடையையே வெட்டி எடுக்க வேண்டும். அந்த இடத்தில் அவருடைய இடுப்பெலும்பை வைக்க வேண்டும். எலும்பு சேர்ந்தால் முகமும் பேச்சும் பிழைக்கும். சேராவிட்டால் இடது கன்னம் உள்ளே விழுந்து, வாய் கோணி, பேச்சு குழறிவிடும். தரகருக்குப் பேச்சு குழறினால் பிறகு என்ன இருக்கிறது? டாக்டர் இதைச் சொன்னபோது அண்ணாச்சி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து கேட்டார்.

"எத்தன நாளு பேசக் கூடாது?"

"எட்டு வாரம்."

"எட்டு நாளா?"

"வாரம்."

அண்ணாச்சி சம்சாரம் ஆவுடையம்மாள் அப்போது பக்கத்தில் நின்றிருந்தார். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன், பாவம், மறைக்கவும் தெரியவில்லை.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. கழுத்துப் பக்கம் கீறி, கட்டியோடு தாடையை வெட்டி எடுத்தார். வாய்க்குள் திறந்துபோன இடத்தை இரண்டு அடுக்காகத் தைத்தார். எச்சில் ஒரு சொட்டு உள்ளே இறங்கினாலும் வைத்த எலும்பு கெட்டுவிடும் என்பதால், அந்தத் தையலுக்கு மட்டும் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு கையுறை மாற்றி, இடுப்பில் எலும்பு எடுத்தார். கிண்ணம் என்னிடம். துண்டை வளைவுக்கு ஏற்றபடி சீவி, இரண்டு முனையிலும் துளை போட்டு, எஃகுக் கம்பியால் தாடையின் இரண்டு பக்கத்தோடும் முறுக்கினார். இடுப்பெலும்புக்குள் ரத்தம் ஊறிய பஞ்சு மாதிரி ஒரு மெத்தெலும்பு இருக்கும். அதைக் கரண்டியால் வழித்து இணைப்புகளைச் சுற்றி அடைத்தார். கடைசியில் மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் பிணைத்து வாயைப் பூட்டினார். வாந்தி வந்தால் வெட்டிவிட ஒரு கம்பி வெட்டியைக் கட்டிலின் தலைமாட்டில் கட்டித் தொங்கவிட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுக்கவும் கூடாது என்று உத்தரவு. ஒரு சிலேட்டும் குச்சியும் வாங்கிக் கொடுத்தோம்.

மறுநாள் அண்ணாச்சி கண் விழித்துச் சிலேட்டில் எழுதிய முதல் வாக்கியம்: "தப்பான இடத்துல வெட்டிட்டீங்க."

தாடை வலிக்கவில்லையாம், இடுப்புதான் உயிர் போகிறதாம். கால் ஊன்ற முடியவில்லை. இந்தப் புகார் எல்லா நோயாளியும் சொல்வதுதான். எலும்பு வைத்த இடம் மரத்துப்போய்ச் சும்மா கிடக்கும், எடுத்த இடம்தான் வாரக்கணக்கில் வலிக்கும். டாக்டர் இதை விளக்கிக்கொண்டிருக்கும்போதே அண்ணாச்சி சிலேட்டைத் துடைத்து எழுதினார்: "பொண்ணு குடுத்த வீட்டுக்குத்தான் வலி."

டாக்டர் சிரித்து நான் பார்த்த மூன்று தடவைகளில் அது ஒன்று. அதற்குப் பிறகு, நான் ஓய்வு பெறுகிற வரைக்கும், இடுப்பு வலி என்று யார் சொன்னாலும் அவர் இதையேதான் சொன்னார். யாருடைய வாக்கு என்று சொன்னதில்லை.

இந்த இடத்தில் எலும்பு எப்படிச் சேர்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நிறையப் பேர் அது பசை போட்டமாதிரி ஒட்டிக்கொள்கிறது என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இடுப்பிலிருந்து வெட்டிய நிமிஷமே அந்தத் துண்டுக்கு ரத்த ஓட்டம் போய்விடுகிறது. அதிலுள்ள உயிரணுக்களில் முக்கால்வாசி செத்துப்போகும். மேலாக இருக்கிற சிலது, சுற்றிலும் ஊறுகிற நீரைக் குடித்துப் பிழைத்துக் கிடக்கும். பிறகு பக்கத்துச் சதையிலிருந்தும் தாடையின் வெட்டு முனையிலிருந்தும் மயிரிழையைவிட மெல்லிய ரத்தக்குழாய்கள் அதற்குள் நுழையும். அவற்றின் கூடவே எலும்பைத் தின்கிற அணுக்களும் எலும்பைக் கட்டுகிற அணுக்களும் வரும். முன்னது பழைய எலும்பைத் தின்னத் தின்ன, பின்னது அந்த இடத்தில் புது எலும்பைக் கட்டிக்கொண்டே போகும். மாதக்கணக்கில் நடக்கிற வேலை. கடைசியில் பார்த்தால் இடுப்பிலிருந்து வந்தது பெரும்பாலும் போய், அங்கே இருப்பது தாடையே கட்டிக்கொண்ட எலும்பு. இதெல்லாம் நடக்க இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, துண்டு அசையக் கூடாது, அசைந்தால் அந்த மயிரிழைக் குழாய்கள் அறுந்துபோகும். இரண்டு, வாய்க்குள் தையல் பிரியக் கூடாது. டாக்டர் இதை எனக்கும் அண்ணாச்சிக்கும் சேர்த்தே சொன்னார். அண்ணாச்சி நாலு நாள் பரம சாதுவாகக் கிடந்தார்.

ஐந்தாம் நாள் அவர் ஜாதகக் கட்டு வந்து சேர்ந்தது. நாங்குநேரியில் தேடிவிட்டு ஆட்கள் வார்டுக்கே வர ஆரம்பித்தார்கள். நாலு மணிக்குப் பார்வையாளர் நேரம் தொடங்கினால் அவர் கட்டிலைச் சுற்றிக் கூட்டம். நான் விரட்டுவேன், மறுநாள் வருவார்கள். இதில் ஓர் அதிசயம் நடந்தது. சிலேட்டு சின்னது, எழுதவும் அவருக்குச் சோம்பல். பொய் சொல்ல இடம் வேண்டாமா? "வேலை இல்லை. அம்மா சொல் தட்டான்." "மாறுகண். நல்ல குடும்பம்." இவ்வளவுதான் எழுதினார். ஜனங்களுக்கு அது பிடித்துப்போய்விட்டது. வாய் திறந்து முப்பது வருஷம் முடித்ததைவிட, வாயைக் கட்டிக்கொண்டு மூன்று வாரத்தில் அதிகம் முடித்துவிடுவார் போலிருந்தது. ஆவுடையம்மாள் ஒருநாள் என்னிடம் சொன்னார், "சிஸ்டர், கல்யாணம் ஆன நாளையிலேர்ந்து நான் சொல்லுதத அவுக முழுசாக் கேட்டது இப்பத்தான். இந்தக் கம்பி இன்னும் ஒரு மாசம் கெடந்தா ஒண்ணும் கொறைஞ்சிராதுல்லா?"

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. நைட் டூட்டி பார்க்கிற பெண் என்றால் பாதிப் பேர் வரமாட்டார்கள், வருகிற பாதிப் பேர் என் குரலைக் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அப்பா அலுத்துப்போயிருந்தார். அண்ணாச்சிக்கு நான் தினமும் ஆறு தடவை வாய் கழுவிவிடுவேன். பீச்சாங்குழலில் உப்புத் தண்ணீர். பல்லுக்கு வெளியே, கன்னத்துக்கு உள்ளே, மூலை முடுக்கெல்லாம் அடிக்க வேண்டும். கழுவும்போதெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே கழுவுவேன். அவர் பதில் சொல்ல முடியாமல் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். என்னை எடை போடுகிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

சேரன்மகாதேவியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்குப் பெண் தேடி அவருடைய அம்மா வந்திருந்தார். அண்ணாச்சி சிலேட்டில் எழுதிக் காட்டினார்: "31 வயசு. கோவக்காரி. சத்தம் அதிகம். பொய் கிடையாது. கை சுத்தம்." அந்த அம்மா படித்துவிட்டு, யார் என்று கேட்டார். அண்ணாச்சி குச்சியால் என்னைக் காட்டினார். நான் அப்போது எதிர்க் கட்டில்காரரை, மறைத்துவைத்து முறுக்கு தின்றதற்காகக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

வயசைக் குறைக்காமல் சொன்ன முதல் தரகர் என்பதால் அந்த அம்மாவுக்கு நம்பிக்கை வந்துவிட்டதாம். பேச்சு மளமளவென்று நடந்தது. பேசி முடித்தவர் எழுந்து வர முடியாது, ஆகவே ஆஸ்பத்திரியிலேயே வைத்துத் தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று அப்பா முடிவு செய்தார். ஆபரேஷன் முடிந்து இருபத்துநாலாம் நாள். டாக்டர் மதுரைக்குப் போயிருந்தார். நான் லீவு போட்டுவிட்டு, பட்டுச் சேலை கட்டி, என் சொந்த வார்டு வராந்தாவில் நோயாளிகள் வேடிக்கை பார்க்கத் தலையைக் குனிந்து நின்றேன். அம்மா பின்னால் நின்று, நிமிர்ந்துவிடாதே என்று தோளை அழுத்திக்கொண்டிருந்தாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தட்டு மாற்றியதும் பேசி முடித்தவருக்குத்தான் முதல் வெற்றிலை. அவர் அதைப் போட்டுக்கொண்டால் பேச்சு முடிந்தது. வேண்டாம் என்றால் அவர் மனசில் ஏதோ இடிக்கிறது என்று அர்த்தம். அப்பா தட்டை நீட்டினார். எல்லாரும் பார்க்கிறார்கள். அண்ணாச்சி ஒரு நிமிஷம் யோசித்தார். வெற்றிலை போடாமல் இருபத்துநாலு நாள் இருந்த வாய் அது. பல்லுக்குத்தான் பூட்டு, உதட்டுக்கும் கன்னத்துக்கும் கிடையாது. வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவி, பாக்கை வைத்து மடித்து, கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே பதவிசாகச் செருகிக்கொண்டார். முப்பது வருஷப் பழக்கம், கை தானாக இடது பக்கம் போனது. தையல் இருந்ததும் இடது பக்கம்தான்.

நான் பார்த்தேன். குனிந்திருந்தாலும் கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தேன். மற்ற எந்த நாளாக இருந்தாலும், "ஓய், துப்பும்வே அத" என்று நான் போட்ட சத்தத்தில் பாக்கு தெறித்திருக்கும். அன்றைக்கு மாப்பிள்ளை வீடு எதிரே உட்கார்ந்திருக்கிறது. பெண் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் முப்பத்தொரு வயதில் வந்த இடமும் போய்விடும் என்று பயம். நான் வாயைத் திறக்கவில்லை.

அவர்கள் போக ஒரு மணி நேரம் ஆனது. பட்டுச் சேலையோடு ஓடிப்போய்க் கழுவிவிட்டேன். பாக்குத் தூள் வந்தது, சிவப்புத் தண்ணீர் வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன், தையல் சரியாக இருப்பதாகத்தான் தெரிந்தது. கழுவியாகிவிட்டது, இனி என்ன என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு டாக்டரிடம் சொல்லாமல் விட்டேன். அது இரண்டாவது தப்பு. முதலாவதைவிடப் பெரிசு.

மூன்றாம் நாள் காலையில் கழுவும்போது ஒரு வாடை. டார்ச் அடித்தேன். தையலில் ஓர் அரிசி நீளத்துக்குப் பிளவு. அதற்குள் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. உணவுத் துணுக்கு என்று நினைத்து உப்புத் தண்ணீரை அடித்தேன், போகவில்லை. அது எலும்பு. டாக்டரைக் கூட்டி வர ஆள் அனுப்பினேன்.

டாக்டர் வந்து பார்த்தார். பாக்குத் துணுக்கு ஒன்று தையலில் குத்திக்கொண்டு நின்றது. அதை இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். "பாத்தேன் சார். நான் வாயத் தொறக்கல."

அவர் துணுக்கைத் தட்டில் வைத்தார். "அவருக்கு நான் கம்பி போட்டிருந்தேன், கோமதி அவர்களே. உங்களுக்கு யார் போட்டது?"

அழுதால் நன்றாக இருந்திருக்கும், அழுகை வரவில்லை.

டாக்டருக்கு இரண்டு வழி இருந்தது. முழு எலும்பையும் எடுத்துவிட்டு, புண் ஆறி, ஒரு வருஷம் கழித்து இடுப்பின் மறுபக்கத்திலிருந்து எடுத்து மறுபடி வைப்பது. அதற்குள் முகம் சுருங்கிவிடும், பேச்சும் போய்விடும். அல்லது தெரிகிற விளிம்பு மட்டும்தான் கெட்டிருக்கிறது, உள்ளே ரத்தக்குழாய்கள் நுழைந்துவிட்டன என்று நம்பிக் காத்திருப்பது. எக்ஸ்ரேயில் அது தெரியாது, பதினைந்து நாள் போனால்தான் தெரியும். ஊசி மருந்து எழுதினார். இரண்டு மணிக்கு ஒரு தடவை கழுவ உத்தரவிட்டார். "நீங்களே கழுவுங்கள்" என்றார். அந்த 'நீங்கள்' பதினைந்து நாளும் மாறவில்லை. காலை வணக்கம் சொன்னால்கூட, "வணக்கம், கோமதி அவர்களே" என்றுதான் வந்தது.

செய்தி சேரன்மகாதேவிக்கும் போய்விட்டது. நிச்சய வெற்றிலையே ஆகாமல் போய்விட்டதே, சகுனம் சரியில்லையே என்று மாப்பிள்ளையின் அம்மா தயங்கினார். தரகர் வாய் திறக்கட்டும், பிறகு முகூர்த்தம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார். ஆக, என் கல்யாணமும் அந்த நாலு விரல்கடை எலும்பில் தொங்கியது. உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பதினைந்து நாளும் எனக்குக் கல்யாணம் ஞாபகத்துக்கு வரவில்லை. அந்த மனுஷனின் முகம் என்னால் கோணிவிடுமோ என்ற பயம்தான். இரண்டு மணிக்கு ஒரு தடவை கழுவினேன். திட்டாமல் கழுவினேன். ஆறாம் நாள் அண்ணாச்சி சிலேட்டில் எழுதினார்: "திட்டு யம்மா. பயமாருக்கு." திட்டினேன். இரண்டு பேருக்கும் கொஞ்சம் தெம்பு வந்தது.

பதினாறாம் நாள் தியேட்டர். ஊசி போட்டு அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தார். கம்பியை அவிழ்க்கவில்லை. கன்னத்தை விலக்கிப் பிடிக்கிற வேலை எனக்கு. முழிப்போடு இருந்த அண்ணாச்சி, சிலேட்டை நெஞ்சில் வைத்துக்கொண்டு கிடந்தார். வெளியே தெரிந்த எலும்பை பல் பிடுங்குகிற குறடு மாதிரி ஒரு சிறிய கருவியால் கொஞ்சங்கொஞ்சமாக நறுக்கி எடுக்க வேண்டும். செத்த எலும்பு என்றால் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி பொடியும், ரத்தம் வராது. உயிர் ஏறிய எலும்பு என்றால் நறுக்கிய இடத்தில் ரத்தம் கசியும். வரும்வரை நறுக்க வேண்டும். அடிவரைக்கும் வராவிட்டால் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும்.

முதல் நறுக்கு, வெள்ளை. உப்புத் தண்ணீர் விட்டு, உறிஞ்சி, பார்த்தார். இரண்டாவது, வெள்ளை. மூன்றாவதும் வெள்ளை. டாக்டர் கருவியைக் கீழே வைத்துவிட்டு விரல்களை ஒரு தடவை மடக்கி நீட்டினார். நான் முப்பிடாதி அம்மனுக்கு என்னவெல்லாமோ நேர்ந்துகொண்டேன், பிறகு எல்லாவற்றையும் செய்து முடிக்க இரண்டு வருஷம் ஆனது. நாலாவது நறுக்கு. தண்ணீர் விட்டார். வெள்ளையாகத்தான் இருந்தது. துடைக்கப் போன கையை நிறுத்திவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன்.

குண்டூசி முனை அளவுக்கு ஒரு சிவப்பு. துடைத்தார். அதே இடத்தில் மறுபடி வந்தது. பக்கத்தில் இன்னொன்று.

டாக்டர் நிமிர்ந்தார். "கோமதி, டீ சொல்லும்மா."

எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, துடைக்க முடியாது, கையில் கன்னம். அண்ணாச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. சிலேட்டில் ஒரு கேள்விக்குறி போட்டுத் தூக்கிக் காட்டினார். "ரத்தம் வருது அண்ணாச்சி" என்றேன். தன்னிடமிருந்து ரத்தம் வருகிறது என்று கேட்டு அப்படி அழுது மகிழ்ந்த நோயாளியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பிளவைச் சுற்றிச் சதையை இழுத்துப் புதிதாகத் தைத்தார். எட்டு வாரம் ஒன்பதாயிற்று. ஆவுடையம்மாள் அந்தக் கூடுதல் வாரத்துக்கு டாக்டருக்கு நன்றி சொன்னார்.

கம்பி அவிழ்க்கிற நாளில் ட்ரெஸ்ஸிங் அறையில் நிற்க இடமில்லை. வார்டில் நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் வாசலில். சேரன்மகாதேவியிலிருந்து மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் வந்திருந்தார்கள். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் டாக்டர். வெட்டு முனைகளில் முன்பு கறுப்பாகத் தெரிந்த கோடு, புகைபோல் மங்கியிருந்தது. கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தார். இரண்டு கட்டை விரலையும் வைத்தார். கண்ணை மூடினார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

"டீ சொல்லு."

நான் சொல்லிவிட்டு வந்தேன். அண்ணாச்சி வாயை மெள்ளத் திறந்தார். ஒரு விரல் நுழைகிற அளவுக்குத்தான் திறந்தது. தாடை இறுகிப்போய்க் கிடந்தது, பயிற்சி செய்யச் செய்யத்தான் இளகும். எல்லாரும் முதல் வார்த்தைக்காக அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். சாமி பெயர் சொல்வார், சம்சாரத்தைக் கூப்பிடுவார், குறைந்தது டாக்டருக்காவது கும்பிடு போடுவார் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா முன்னால் வந்தார். "அண்ணாச்சி, சிலேட்டுல எழுதுனது போவட்டும். உங்க வாயால ஒரு வார்த்த சொல்லுங்க. பொண்ணு எப்படி?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். ஒன்பது வாரம் என்னிடம் திட்டு வாங்கியவர். உதட்டை நனைத்துக்கொண்டார்.

"தங்கம்லா," என்றார், கரகரத்த குரலில். "அதிர்ந்து பேசத் தெரியாத பிள்ள. வயசு இருபத்துமூணு."

வாசலில் நின்ற அத்தனை நோயாளிகளும், வலிக்கிற தாடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். டாக்டர் ஞானதுரை டீக் கிளாஸைக் கீழே வைத்தார்.

"அடுத்த எக்ஸ்ரே வேண்டாம், கோமதி. தாடை பழைய வேலைக்குத் திரும்பிட்டு."